வாங்கோ சொல்லாத வீடு

மகன் செத்துப் பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் வந்தாள். மாசி மாதம். கதவு மணி அடித்தபோது நான் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். சமைக்கிற எண்ணம் இருக்கவில்லை. கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அதற்காக உரித்தேன். பிறகு பார்த்தால் ஒரு பெரிய கோப்பை நிறைய உள்ளி. யார் சாப்பிடுவது?

மகனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல என்னால் ஏலாது. முப்பத்தெட்டு வயது. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. தை மாதம் ஒரு நாள், பகல் மூன்று மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில், மெட்ரோ வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் அவனைக் கத்தியால் குத்தினான். பொலிஸ் குத்தியவனைப் பிடித்துவிட்டது. வழக்கு நடக்கிறது. நான் போய்ப் பார்ப்பதில்லை. இதைப் பற்றி இவ்வளவுதான்.

மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. வெளியால் இரும்புப் படி. மகனும் மருமகளும் நானும் ஒன்பது வருடம் அதில் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் போனபின் நானும் மருமகளும்.

எங்கள் வழமை தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் சொல்கிறேன். செத்தவீட்டில் ஒருவரையும் "வாங்கோ" என்று அழைப்பதில்லை. சனம் தானாக வரும், இருக்கும், அழும். போகும்போது "போட்டு வாறம்" என்று சொல்வதும் இல்லை. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். திரும்பி வருகிறேன் என்று செத்தவீட்டில் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்னது போலாகும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, துடக்கு என்கிற சாவுத் தீட்டுக் கழியும்வரை இது. இந்த நாட்டுக்கு வந்தபின் பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். மகனைப் படுக்க வைத்திருந்த மண்டபத்திலேயே "சரி அக்கா, பேந்து சந்திப்பம்" என்று கையைக் காட்டிப் போனவர்களும் உண்டு. நான் கைவிடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். இருபத்திரண்டு வருடம் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை, ஒரு வழமையிலும் குறை வைத்ததில்லை.

கதவைத் திறந்தேன். நீலக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு ஃபைல், மற்றக் கையில் போன். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். போனுக்குள் இருந்து ஒரு ஆண்குரல் தமிழில் பேசியது. இந்தியத் தமிழ்.

"வணக்கம்மா. குற்றத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவி குடுக்கிற ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க. உள்ள வரலாமான்னு கேக்குறாங்க."

நான் வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தேன். எங்கள் ஆட்கள் என்றால் அதுவே வரச் சொன்னதுதான், உள்ளே வந்திருப்பார்கள். இவள் கால்மிதியில் நின்றாள். பூட்ஸில் இருந்த பனி உருகி மிதி நனைந்தது. நின்றபடியே கனக்கச் சொன்னாள். குரலும் அதையெல்லாம் தமிழில் சொன்னது. மனசு விட்டுப் பேச ஒரு ஆள் ஏற்பாடு செய்வார்களாம், தமிழ் தெரிந்த ஆளே கிடைக்குமாம், போய்வர உதவி செய்வார்களாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு இதுல விருப்பமான்னு கேக்குறாங்க."

நான் பேசவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

லைனில் இருந்தது அவர். நான் என் வீட்டில் இருந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். குரல் சொன்னது: "சரிம்மா, போயிட்டு வரேன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் திரும்ப வரேங்கறாங்க."

செத்தவீட்டில் நின்று திரும்ப வருகிறேன் என்கிறாள். நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த வாரம் அவள் வரவில்லை.

அதன்பிறகு நடந்தது என்று சொல்ல அதிகம் இல்லை. அந்தியேட்டி செய்தோம். பனி கரைந்தது. மருமகள் ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தவள், அதை விட்டுவிட்டாள். மகனின் வேலைச் சப்பாத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். நான் கோப்பையில் சோறு கொண்டுபோய் வைப்பேன், பிறகு கோப்பையை எடுப்பேன். சோறு வைத்தபடி இருக்கும். சீப்பெடுத்துத் தலை இழுக்கமாட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரு சண்டைகூட வரவில்லை. முந்தி உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்த ஆட்கள் நாங்கள்.

எனக்கும் அழுகை வரவில்லை. சனிக்கிழமைகளில் பழையபடி ஜான்-டலோன் சந்தைக்குப் போவேன். மூன்று பேருக்குக் கணக்காகக் கத்தரிக்காய் வாங்கி வந்து, வீட்டுக்கு வந்துதான் நினைவு வரும். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவிக்குக் கொடுத்துவிடுவேன். அவள் "மேர்சி, மேர்சி" என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் படியேறுவேன்.

ஆடி மாதம் சமூக நிலையத்தில் வேலை செய்கிற பிள்ளை வந்தாள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகள், இங்கேயே வளர்ந்தவள். மருமகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தாள்.

"அன்ரி, அக்காவை இப்பிடியே விடேலாது. அவ எலும்பாப் போனா. குற்றத்தில பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு உதவுற கந்தோரால ஒருத்தரும் வரேல்லையோ?"

"ஒருத்தி வந்தவள். பேந்து காணேல்லை."

அவள் அந்த இடத்திலேயே போன் எடுத்துப் பிரெஞ்சில் கனநேரம் கதைத்தாள். போனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்கட ஃபைலை மூடிப்போட்டினம். குடும்பம் உதவியை மறுத்தது எண்டு எழுதியிருக்கு."

"நான் என்ன மறுத்தனான்? ஒரு சொல்லும் சொல்லேல்லையே."

"அதுதான் அன்ரி. ஒரு சொல்லும் சொல்லேல்லை, கதவை அடிச்சுச் சாத்தினவ எண்டும் எழுதியிருக்கு."

நான் அவளுக்கு வழமையைச் சொன்னேன். அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை. "ஐயோ அன்ரி, நானும் செத்தவீடுகளில பாய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்," என்று வாயைப் பொத்தினாள். பிறகு அதையெல்லாம் கடிதமாக எழுதினாள். இது மறுப்பு இல்லை, துக்கம் காக்கிற முறை, ஆகவே ஃபைலைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று. நான் கையெழுத்து வைத்தேன்.

பதில் வரவில்லை. கேட்டால், யோசிக்கிறோம் என்றார்கள். ஆனால் புரட்டாசியில் வேறு ஒரு அழைப்பு வந்தது. சமூக நிலையத்துப் பிள்ளை வந்து சொன்னாள்.

"அன்ரி, இந்த உதவியளைக் குடுக்கிற அலுவலர்களுக்கு எண்டே ஒரு சங்கம் இருக்குதாம். எல்லா மாகாணத்து ஆக்களும் வருசத்தில ஒருக்காக் கூடுவினமாம். இந்தமுறை மொன்றியலில. உங்களிட்ட வந்த அந்தப் பெண்தான் சொல்லியிருக்கிறா, உங்களைக் கூப்பிட்டு வழமையைப் பற்றிச் சொல்லச் சொல்லி."

"சங்கமோ? எங்கட ஊர்ச்சங்கம் மாதிரி ஆர் பொருளாளர் எண்டு அடிபடுவினமோ?"

"அடிபடாயினம் அன்ரி. வெள்ளைக்காரர் கடிதத்திலதான் அடிபடுவினம்."

"நான் போய்ச் சொன்னால் ஃபைலைத் திறப்பினமோ?"

"அது வேற, இது வேற. ஒரு கட்டாயமும் இல்லை."

அவள் அப்படிச் சொன்னாலும் நான் நம்பவில்லை. நான் போய் நல்லமாதிரிச் சொன்னால் திறப்பார்கள், பிழையாகச் சொன்னால் மூடினபடியே விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மருமகளுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்றால் நான் போகத்தான் வேண்டும். வருகிறேன் என்றேன்.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் மருமகளின் அறை வாசலில் நின்று விசயத்தைச் சொன்னேன். அவள் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"துடக்கெண்டதாலயோ மாமி கதவைச் சாத்தினீங்கள்?"

"பின்னை?"

"நான் அண்டைக்கு வெளியில வர எழும்பினனான். அந்தப் பொடியன் போனில சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுது. தமிழ் ஆள் கிடைக்கும் எண்டதும் கேட்டுது. ஒரு கால் செருப்புப் போட்டிட்டன். மற்றதைத் தேட, கதவு சாத்துப்பட்ட சத்தம் கேட்டுது."

நான் சோறு வைத்தபடி கிடந்த கோப்பையை எடுத்தேன்.

"அந்தியேட்டி முடிஞ்சு ஒரு கடிதமும் வந்தது மாமி. நீங்கள் உடைக்காமல் நீலப் பெட்டிக்குள்ள போட்டனீங்கள். நான் பாத்தனான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சுகமில்லாத ஆட்கள் மருந்தின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். கடிதம் வந்தது உண்மை. அந்தப் பெண்ணின் ஃபைலில் இருந்த அதே முத்திரை உறையிலும் இருந்தது. நான் பழைய பேப்பர் போடுகிற நீலப் பெட்டிக்குள் அதைப் போட்டேன். அப்போது துடக்குக் கழிந்து மூன்று நாள். வாங்கோ என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

சங்கத்துக் கூட்டம் ஐப்பசியில், டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில். சாம்பல்நிறச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு சமூக நிலையத்துப் பிள்ளையோடு மெட்ரோவில் போனேன். வாசலில் என் கழுத்தில் ஒரு அட்டையைக் கொழுவினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "பேச்சாளர்" என்றாள். நல்லகாலம், தொழிற்சாலையில் என்னோடு இருந்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. இருந்திருந்தால் கடைசிவரை சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

ஒரு கல்யாண மண்டபம் கொள்ளக்கூடிய சனம். காதில் போட ஒரு கருவி தந்தார்கள். அதை ஒரு பக்கம் திருகினால் பிரெஞ்சு, மற்றப் பக்கம் திருகினால் இங்கிலிஷ். இரண்டும் எனக்கு ஒன்றுதான், ஆனாலும் போட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பருத்த மனிதர் பேசினார். பேச்சின் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகும் துடைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இவையளுக்கும் நித்திரை வாறேல்லையாம் அன்ரி. நாள் முழுக்க எங்கட மாதிரி ஆக்களின்ர கதையை வாசிச்சு, கேட்டு. கனபேர் வேலையை விட்டிட்டுப் போகினமாம். அதுக்குத்தானாம் இந்தச் சங்கம். ஒருத்தருக்கொருத்தர் வேலையைச் சொல்லிக் குடுக்கவும், ஆறுதல் சொல்லவும்."

நான் சுற்றிவரப் பார்த்தேன். இவர்களையெல்லாம் உறையில் இருந்த அந்த முத்திரை என்றுதான் நான் நினைத்திருந்தேன். முகங்கள் களைத்திருந்தன. மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். கோட்டும் பூட்ஸும் இல்லாமல் ஆள் சின்னதாகத் தெரிந்தாள்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் நின்று தமிழில் சொன்னேன், பிள்ளை பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னாள். வாங்கோ சொல்லாதது, போட்டு வாறன் சொல்லாதது, முப்பத்தொரு நாள், எல்லாம் சொன்னேன். எல்லாருடைய தலையும் குனிந்தது, பேனாக்கள் ஓடின. அவர்களுடைய கைநூலில் இதைச் சேர்க்கப் போகிறார்களாம். அத்தோடு நான் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் நல்ல பெயர். எழுதியவளில்தான் பிழை, என்னில் பிழை இல்லை என்று ஆகியிருக்கும்.

செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடியவளை நினைத்தேன்.

"ஆனால் முழுக்க வழமையும் இல்லை," என்றேன். "துடக்குக் கழிஞ்ச பிறகு உங்கட கடிதம் வந்தது. நான் உடைச்சும் பாக்கேல்லை, குப்பைக்குப் போட்டனான். எனக்கு உங்கட உதவி வேண்டாம் எண்டுதான் போட்டனான். என்ர வீட்டுக்குள்ள வந்து என்ர பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டு போறதுக்கு நீங்கள் ஆர் எண்டு நினைச்சனான். இந்தப் பெண் எழுதினது பிழையில்லை. ஆனால் என்ர மருமகளுக்கு உதவி வேணுமாயிருந்தது. அவளை நான் ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

பிள்ளை மொழிபெயர்க்காமல் என் காதுக்குள் சொன்னாள்: "அன்ரி, இதையும் சொல்லவோ? ஃபைல் இன்னும் முடிவாகேல்லை. மறுத்தது எண்டு நீங்களே சொல்லுறீங்கள்."

"சொல்லு பிள்ளை. அரைவாசி சொல்லிப்போட்டு இறங்க நான் என்ன எலக்சன் கேக்கவோ வந்தனான்?"

அவள் சொன்னாள். பேனாக்கள் நின்றன. ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். குடித்தேன். இனி ஃபைல் திறக்காது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். கவலைகூட வரவில்லை, வெறுமையாக இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அவளோடு சங்கத்தின் தலைவி, நரைத்த தலைமயிர், வேறு மாகாணத்து ஆள். அந்தப் பெண் சமூக நிலையத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தே சொன்னாள். பிள்ளை தமிழில் சொன்னாள்.

"அண்டைக்கு வாசலில ரெண்டு சோடி பொம்பிளைச் சப்பாத்துக் கிடந்ததாம் அன்ரி. பெரிசு ஒண்டு, சின்னன் ஒண்டு. அதைக் கண்டவவாம். மற்ற ஆள் ஆர் எண்டு கேக்காமல் போயிட்டாவாம். வீட்டை போற வழியில நினைவு வந்ததாம். பேந்து அடுத்த ஃபைல், அதுக்கடுத்த ஃபைல். அதுதானாம் தன்ர பிழை."

தலைவி ஏதோ கேட்டாள், அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு தலைவி நிதானமாகச் சொன்னாள். பிள்ளையின் முகம் மாறியது.

"அன்ரி, நீங்கள் வேண்டாம் எண்டது உங்களுக்கு மட்டும்தானாம். பெண்சாதிக்கு எண்டு வேற ஃபைல் திறந்திருக்க வேணுமாம், மாசியிலயே. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக் கேக்கவேணும் எண்டது இவையின்ர கைநூலில முதல் பக்கத்திலயே இருக்குதாம். அக்கா கையெழுத்து வைச்சாக் காணுமாம்."

"நான் வீட்டில மூத்தவள். நான் சொன்னது?"

"அது கணக்கில்லை அன்ரி. உங்கட அனுமதி அவைக்குத் தேவையில்லை."

தொழிற்சாலையில், தையல் மெசினில் கீழ்நூல் முடிந்தது தெரியாமல் தைத்துக்கொண்டே போவோம். மேலே பார்த்தால் தையல் போலவே இருக்கும், எடுத்து இழுத்தால் அப்படியே கழன்று வரும். எட்டு மாதம் நான் அப்படித் தைத்திருக்கிறேன். வாசலைக் காத்தேன் என்று நினைத்திருந்தேன், வாசலில் என் சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தட்டில் இருந்த சின்னக் கேக் ஒன்றைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அது மட்டும் நல்ல நினைவு.

போகும்போது அந்தப் பெண் எனக்குக் கை தந்தாள். போய்வருகிறேன் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. தலையைக் குனிந்துவிட்டுப் போனாள். அவளும் வழமையை எழுதிக்கொண்ட ஆள்தானே.

வீட்டுக்கு இரண்டு படிவம் கொண்டுவந்தேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. மேசையில் வைத்து, "இதில நீ மட்டும் கையெழுத்து வைச்சாக் காணுமாம்," என்றேன். மருமகள் அறையை விட்டு வந்து மேசையில் இருந்து, முழுவதையும் வாசித்தாள். நான் பேனா தேடிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்தபின் கேக்கைக் கொடுத்தேன். பாதி தின்றாள்.

கார்த்திகை கடைசியில், மனசு விட்டுப் பேச அவளுக்கு முதல் சந்திப்புக்கு நாள் கொடுத்தார்கள். லொங்குய்யில் தமிழ் பேசுகிற ஒரு பெண்ணிடம், மஞ்சள் மெட்ரோவில் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். அன்று விடிய எழும்பித் தலை இழுத்தாள். நான் குசினியில் இருந்தேன். அவள் பூட்ஸ் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

அந்தியேட்டி முடிந்து எவ்வளவோ காலம். ஆனால் எங்கள் வீட்டில் தை மாதத்துக்குப் பிறகு ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னது மகன்.

"போட்டு வாறன் மாமி," என்றாள்.

"ஓம். படியில ஐஸ் கிடக்கும், கம்பியைப் பிடிச்சு இறங்கு," என்றேன்.

நான் வாசலுக்குப் போகவில்லை. கதவை அவள்தான் சாத்தினாள். சத்தம் வரவில்லை. அவள் ஒவ்வொரு படியாக இறங்குவது கேட்டது, கீழே போனதும் கேட்கவில்லை. என்னுடைய படிவம் கையெழுத்து வைக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. நான் அரிசியைக் களைந்து இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.